மாத்திரை அட்டையை எங்கே வைப்பாய்?

கேள்வி:

கர்த்தருக்குள் அன்பான அம்மாவுக்கு ஸ்தோத்திரம். எனக்கு வயது 26. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை. அப்பா தவறிவிட்டார், அம்மாவும் மாமாவும்தான் எல்லாம். ஒன்பதாம் வகுப்பில் எனக்கு முதல்முறை வலிப்பு வந்தது. அன்றிலிருந்து மருந்து. இப்போது சோடியம் வால்ப்ரோயேட் 500, காலையும் இரவும். கடைசியாக வந்து மூன்று வருடம் ஆகிறது. இதைச் சொன்னதால் இரண்டு சம்பந்தங்கள் தட்டிப்போயின. மூன்றாவதாக வந்த இடத்தில் அம்மா சொல்லவில்லை. நிச்சயம் முடிந்துவிட்டது. ஏழு வாரத்தில் கல்யாணம், மூன்று வாரத்தில் சபையில் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அவர் தினமும் போனில் பேசுகிறார். போன வாரம் சிரித்துக்கொண்டே, "என்கிட்ட சொல்லாம ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல" என்றேன். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. அம்மாவிடம் சொன்னால், "ராகாப் பொய் சொல்லலையா? அவ பேரு இயேசுவோட வம்ச வரலாற்றிலேயே இருக்கு" என்கிறார். எங்களுக்காக ஜெபிக்கும் ஊழியக்காரர், சுகம் கிடைத்துவிட்டது என்று விசுவாசித்து மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார். இன்னொன்றும் இருக்கிறது. கல்லூரியில் ஒருவரை விரும்பினேன். இரண்டு வருடத்தில் முடிந்துவிட்டது. இப்போது தொடர்பு எதுவும் இல்லை. அதையும் சொல்ல வேண்டுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்பு மகளே,

நீ என்றே எழுதுகிறேன். என் மகளைவிட இரண்டு வயது சின்னவள் நீ. முதலில் நேரடியாகப் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு. வலிப்பைப் பற்றி அந்தத் தம்பியிடம் சொல்ல வேண்டும். முதல் ஓலை வாசிப்பதற்கு முன்பே சொல்ல வேண்டும். மாத்திரையை நிறுத்தக் கூடாது. கல்லூரிக் கதையைச் சொல்லியே ஆக வேண்டும் என்ற கடமை உனக்கு இல்லை.

உன் கடிதத்தை இரண்டாம் தடவை வாசித்தபோது எனக்கு ஒரு கேள்விதான் வந்தது. கல்யாணம் முடிந்த முதல் ராத்திரி, அந்த மாத்திரையை எங்கே வைத்திருந்து, எப்படி எடுத்து, எந்தத் தண்ணீரில் விழுங்குவாய்? அம்மா இதை ஒரே ஒரு பொய் என்று நினைக்கிறார்கள். கல்யாணம் வரைக்கும் தாண்டிவிட்டால் போதும் என்று. நாளைக்கு இரண்டு மாத்திரை, வருடத்துக்கு 730. அத்தனை தடவையும் நீ கதவைச் சாத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.

இருபது வருடங்களுக்கு மேலாகக் குடும்ப ஆலோசனை செய்கிறேன். அதற்கு முன்பு ஒரு மிஷன் மருத்துவமனையில் நர்ஸாக இருந்தேன். அடையாளங்களை மாற்றி ஒன்று சொல்கிறேன். ஒரு பெண் தன் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, அரிசி டப்பாவுக்குள் ஒரு துணியில் முடிந்து வைத்திருந்தாள். அரிசி அளந்து போடும் சாக்கில் எடுத்து விழுங்குவாள். மூன்று மாதம் நடந்தது. பிறகு நாத்தனார் பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்தாள், சமையற்கட்டு எந்நேரமும் ஆள் நடமாட்டமாக இருந்தது. ஒரு நாள் விட்டாள், நாலு நாள் விட்டாள், அப்புறம் "வரவில்லையே, சரியாகிவிட்டது போல" என்று மொத்தமாக விட்டாள். தோசைக் கல்லுக்குப் பக்கத்தில் விழுந்தாள். கையில் இன்னும் தழும்பு இருக்கிறது. அவள் என்னிடம் வந்தது தழும்புக்காக இல்லை. கணவன் அவளை விட்டுப் போகவும் இல்லை. "இன்னும் என்னென்ன மறைச்சு வச்சிருக்கா?" என்று அவன் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்க்க ஆரம்பித்துவிட்டான், அதற்காக வந்தாள். வலிப்பைக் கட்டுக்குள் கொண்டுவர மருத்துவருக்கு இரண்டு மாதம் பிடித்தது. அவன் டப்பா திறப்பதை நிறுத்த இரண்டு வருடம் பிடித்தது.

"தூக்கம் இல்லை" என்று எழுதியிருக்கிறாயே, அதை நான் சும்மா கடந்து போக முடியாது. தூக்கம் கெடுவது வலிப்பை வரவழைக்கும் காரணங்களில் முக்கியமானது. உன் மருத்துவர் கட்டாயம் சொல்லியிருப்பார். மூன்று வருடம் வராமல் இருந்தது, அந்த ஒரு "ஒண்ணுமில்ல"வால் திரும்ப வந்துவிடக் கூடாது. "நான் அடக்கிவைத்தமட்டும், நித்தம் என் கதறுதலினாலே என் எலும்புகள் உலர்ந்துபோயிற்று" என்கிறார் சங்கீதக்காரர் (சங்கீதம் 32). மறைத்து வைப்பது முதலில் உடம்பில்தான் தெரியும் என்பதை அவர் அறிந்திருக்கிறார்.

இனி அம்மாவின் வாதத்துக்கு வருகிறேன். ஒற்றரை ஒளித்துவைத்த ராகாபும் சரி, பார்வோனிடமிருந்து ஆண் குழந்தைகளைத் தப்பவைத்த யாத்திராகமத்து எபிரெய மருத்துவச்சிகளும் சரி, கொல்ல வந்தவர்களிடமிருந்து உயிர்களைக் காப்பாற்ற அப்படிச் சொன்னார்கள். உன் வருங்கால மாமியார் பார்வோன் இல்லை. அம்மாவிடம் இதைச் சிரித்துக்கொண்டே சொல்லிப் பார். நான் சொன்னதாகவே சொல்.

உண்மையில் உங்கள் வீட்டு நிலைமைக்குப் பொருத்தமான ஆள் ஆபிரகாம்தான். கேரார் என்ற ஊரில் போய், மனைவி சாராளைத் தன் சகோதரி என்றார். பிறகு பிடிபட்டபோது, அவள் என் தகப்பனுக்குப் பிறந்தவள், தாய்க்குப் பிறந்தவள் அல்ல, ஆகவே ஒரு வகையில் தங்கைதான் என்று விளக்கம் கொடுத்தார். அது பொய்யும் இல்லை. ஆனால் அவளை அழைப்பித்த அந்த ஊர் ராஜா அபிமெலேக்குக்குத் தெரிய வேண்டியிருந்த ஒரே விஷயம், அவள் மனைவியா என்பது. அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற உண்மையைச் சொன்னார். "பொண்ணு நல்ல ஆரோக்கியம், மூணு வருஷமா ஆஸ்பத்திரியில படுத்ததில்ல" என்று உங்கள் வீட்டில் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அதுவும் இதே ரகம். ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு ஆபிரகாம் சொன்ன பதிலைக் கவனி: "இவ்விடத்தில் தெய்வபயம் இல்லையென்றும், என் மனைவியினிமித்தம் என்னைக் கொன்றுபோடுவார்கள் என்றும் நான் நினைத்தேன்." நினைத்தேன், அவ்வளவுதான். யாரையும் விசாரிக்கவில்லை. இதற்கு மூன்று வசனம் முன்னால்தான், அபிமெலேக்கு விடியற்காலையில் எழுந்து தன் ஊழியக்காரருக்கு நடந்ததைச் சொல்ல, "அந்த மனுஷர் மிகவும் பயந்தார்கள்" என்று எழுதியிருக்கிறது. தெய்வபயம் இல்லை என்று அவர் முடிவு கட்டிய ஊரில் எல்லோரும் தேவனுக்குப் பயந்து நிற்கிறார்கள். அந்தத் தம்பியைப் பற்றியும் நீங்கள் அப்படித்தான் முடிவு கட்டியிருக்கிறீர்கள், அவருக்கு ஒரு வாய்ப்பும் கொடுக்காமல். முதல் இரண்டு வீட்டார் விலகிப்போனார்கள் என்பது வாஸ்தவம். அவர்கள் இவர் இல்லையே.

நம் ஊரில் இதற்கெல்லாம் ஒரு பழமொழி கைவசம் இருக்கிறது: ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம். அது "போய்ச் சொல்லி" என்று சிலர் திருத்துவார்கள். பழமொழியைத் திருத்துவது எளிது. பெண் பார்க்கும் கூடத்தில் நடப்பதைத்தான் யாரும் திருத்தக் காணோம். யாக்கோபுக்கு இளைய மகளைத் தருவதாகச் சொல்லி மூத்தவள் லேயாளைக் கட்டிவைத்த லாபானும் ஊர் வழக்கத்தைத்தான் காரணம் காட்டினான். மூத்தவள் இருக்க இளையவளைக் கொடுப்பது இவ்விடத்து வழக்கம் இல்லை என்று. அந்த அதிகாரத்தை (ஆதியாகமம் 29) யாக்கோபு ஏமாந்த கதையாகவே பிரசங்கங்களில் கேட்டிருப்பாய். ஒரு தடவை லேயாளின் பக்கமிருந்து வாசித்துப் பார். அவளுக்குக் கண்களில் ஏதோ குறை. "கூச்சப்பார்வை" என்கிறது நம் வேதாகமம். தகப்பன் அதைச் சொல்லிக் கட்டிக்கொடுக்கவில்லை, இருட்டில் கொண்டுபோய் விட்டான். பொய் சொன்னது லாபான். விலை கொடுத்தது யார்? லாபானுக்கு இன்னும் ஏழு வருடத்து வேலையாள் கிடைத்தான். லேயாளோ ஒவ்வொரு பிள்ளை பிறக்கும்போதும், இப்பொழுதாவது என் புருஷன் என்னை நேசிப்பார், இப்பொழுதாவது என்னோடே சேர்ந்திருப்பார் என்று பெயர் வைத்துக்கொண்டு இருந்தாள். ரூபன், சிமியோன், லேவி. அந்தப் பெயர்களை நான் சாதாரணமாக வாசிக்க முடிந்ததே இல்லை. பெற்றவர்கள் ஒரு நாள் சொல்கிற பொய்யோடு மகள்தான் காலமெல்லாம் குடித்தனம் நடத்த வேண்டும்.

ஊழியக்காரர் சொன்னது பற்றி. சுகத்துக்காக ஜெபிப்பதை நான் ஒருநாளும் தடுக்க மாட்டேன், நானும் ஜெபிக்கிறேன். ஆனால் மாத்திரையை நிறுத்தச் சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பவுல் தீமோத்தேயுவின் வயிற்றுக்குத் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்; துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாக மிலேத்துவில் விட்டுவந்தேன் என்று ஒளிக்காமல் எழுதினார். விசுவாசம் இல்லாதவரா அவர்? உன்னிடம் யாராவது வலிப்பைப் பிசாசு என்று சொல்லியிருந்தால், மத்தேயு 4:24-ஐக் காட்டு. பிசாசு பிடித்தவர்களைத் தனியாகவும் சந்திரரோகிகளைத் தனியாகவும் சொல்லியிருக்கிறது. சந்திரரோகம் என்று அங்கே இருப்பது வலிப்புதான்.

மாற்கு 9-இல் ஒரு தகப்பன் வருகிறார், மகனுக்கு வலிப்பு. "இது இவனுக்கு உண்டாகி எவ்வளவு காலமாயிற்று?" என்று இயேசு கேட்கிறார். மருத்துவர் கேட்பதுபோல! அந்த மனிதர் அத்தனை கூட்டத்துக்கு நடுவில், சிறுவயது முதல் உண்டு, தீயில் விழுந்திருக்கிறான், தண்ணீரில் விழுந்திருக்கிறான் என்று எல்லாவற்றையும் சொல்கிறார். கடைசியில் தன் விசுவாசத்தில் உள்ள குறையைக்கூட ஒளிக்கவில்லை: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." சுகமாகிவிட்டது என்று வாயால் சொல்லிக்கொண்டு உள்ளே நடுங்குவதைவிட இப்படிப் பேசுவது ஆண்டவருக்குப் பிடிக்கும் என்றே நினைக்கிறேன்.

நீ சொல்லாமல் இருக்க முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை ஒரு பழைய நர்ஸாகச் சொல்கிறேன். சோடியம் வால்ப்ரோயேட் நல்ல மருந்து, ஆனால் கர்ப்பகாலத்துக்கு ஆபத்தானது. கர்ப்பத்தில் அதை எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு வருகிறது. 100 குழந்தைகளில் 30 முதல் 40 பேருக்குப் பின்னாளில் பேச்சு, படிப்பு, வளர்ச்சியில் சிக்கல் வரலாம். பயப்படாதே. வலிப்பு உள்ள பெண்களில் பெரும்பாலோர் நல்ல ஆரோக்கியமான பிள்ளைகளைப் பெறுகிறார்கள். திருவனந்தபுரத்தில் ஸ்ரீசித்திரா நிறுவனத்தில் இதற்கென்றே 1998 முதல் ஒரு பதிவேடு வைத்து இப்படிப்பட்ட தாய்மார்களைக் கவனித்து வருகிறார்கள். ஆனால் கருவுறுவதற்கு முன்பே நரம்பியல் மருத்துவர் மருந்தை மாற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும். அதற்குச் சில மாதங்கள் பிடிக்கும். ஃபோலிக் அமிலம் முன்கூட்டியே தொடங்க வேண்டும். "கொஞ்ச நாள் குழந்தை வேண்டாம்" என்று நீ தனியாக முடிவெடுத்துக்கொண்டு, காரணமும் சொல்லாமல், புருஷனோடு எப்படி வாழ்வாய்? அது இருவரும் எடுக்க வேண்டிய முடிவு.

அது மட்டுமா? ராத்திரி உனக்கு வலிப்பு வந்தால், தெரியாத மனுஷன் சாவிக்கொத்தைத் தேடி ஓடுவான், வாயில் கரண்டியைத் திணிப்பான். தெரிந்தவன் உன்னை ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்தில் இருக்கிற சாமான்களை நகர்த்தி, கடிகாரத்தைப் பார்ப்பான். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவான்.

சட்டம் பற்றி நீ கேட்கவில்லை; ஆனாலும் மாமா கேட்பார். இந்து திருமணச் சட்டத்தில் ஒரு காலத்தில் வலிப்பு நோயைத் தடையாக எழுதியிருந்தார்கள், 1999-இல் நீக்கிவிட்டார்கள். கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தில் சொல்லப்பட்ட காரணங்களில் வலிப்பு இல்லவே இல்லை. ஆனால் அதே சட்டத்தின் 19-ஆம் பிரிவு, மோசடி செய்து சம்மதம் வாங்கியிருந்தால் திருமணத்தைச் செல்லாது என்று அறிவிக்க நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரத்தை விட்டுவைத்திருக்கிறது. ஆக, உன் நோயை வைத்து யாரும் உன்னை அசைக்க முடியாது. மறைத்ததை வைத்து வழக்குப் போடலாம். ஓலை வாசிக்கும்போது தடை சொல்லச் சொல்வார்களே, அங்கேயும் வலிப்பு ஒரு தடை இல்லை. குருவானவரிடம் தனியாகக் கேட்டாலும் இதையே சொல்வார்.

சரி, எப்படிச் சொல்வது? வாட்ஸப்பில் வேண்டாம். ராத்திரி பதினொரு மணி போனிலும் வேண்டாம். நேரில், பகலில், மாமா பக்கத்து அறையில் இருக்கும்படி ஓர் இடத்தில். மருந்துச் சீட்டையும் ஸ்கேன், இஇஜி (மூளை மின்னலைப் பதிவு) அறிக்கைகளையும் கையில் வைத்துக்கொள். சுற்றி வளைக்காதே. "எனக்குப் பதினாலு வயசுல இருந்து வலிப்பு இருக்கு. மாத்திரை சாப்பிடுறேன். கடைசியா வந்து மூணு வருஷம் ஆச்சு. அன்னைக்கு நீங்க கேட்டப்போ ஒண்ணுமில்லன்னு சொன்னேன், அது பொய். அதுக்கு மன்னிச்சிருங்க." இவ்வளவு போதும். மன்னிப்பு அந்தப் பொய்க்கு மட்டும். நோய்க்காக மன்னிப்பு கேட்டுவிடாதே. அது நீ செய்த தப்பு இல்லை. பெண்கள் இரண்டையும் சேர்த்து அழுதுகொண்டே கேட்டுவிடுவார்கள், எதிரில் இருப்பவரும் இரண்டையும் சேர்த்தே மன்னித்ததாக எடுத்துக்கொள்வார். பிறகு ஆயுசுக்கும் அந்தக் கடன் தீராது.

அன்றைக்கே பதில் கேட்காதே. ஒரு வாரம் கொடு. அவருடைய பெற்றோரிடம் மறுநாளே மாமா போய்ச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் உன் ரகசியத்தைச் சுமக்கிற வேலை அவர் தலையில் விழும். சபை முழுக்கத் தெரிய வேண்டிய அவசியம் கிடையாது. அவர்களும் ஏதாவது மறைத்திருப்பார்கள் என்று அம்மா சொல்லக்கூடும். இருக்கலாம். நீ சொல்லி முடித்த பிறகு, நீங்களும் சொல்ல வேண்டியது உண்டா என்று தாராளமாகக் கேள். இப்போது அதைக் கேட்க உனக்கு வாய் இருக்கிறதா?

எல்லாம் நல்லபடி முடியும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். உண்மையைச் சொல்லி, கல்யாணம் நின்று, நாலு வருடம் கழித்து வேறு இடத்தில் அமைந்த பெண்ணும் எனக்குத் தெரியும். இன்னும் அமையாத பெண்ணும் தெரியும். மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணம் போகும், ஊர் பேசும், அம்மா சில மாதம் உன்னோடு முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். அது வலிக்கும். ஆனால் இது தெரிந்து விலகுகிறவர், தெரியாமல் கட்டிக்கொண்டிருந்தால் என்ன செய்திருப்பார் என்று யோசித்துப் பார்.

கல்லூரி விஷயத்துக்கு வருகிறேன். எதைச் சொல்வது, எதை விடுவது என்பதற்கு நான் வைத்திருக்கிற அளவு இதுதான்: அது உன்னோடு அந்த வீட்டுக்குள் வரப்போகிறதா? உன் உடம்பு வரும், மருந்து வரும். கடன் இருந்தால் அதுவும் வரும். முடிந்துபோன அந்த நட்பு வராது. போட்டோ, மிரட்டல், கொடுக்கல் வாங்கல் என்று ஏதாவது பாக்கி இருந்தால் சொல்ல வேண்டும். நீ எழுதியதைப் பார்த்தால் அப்படி எதுவும் இல்லை. சிலர் தங்கள் மனப்பாரத்தை இறக்கி வைப்பதற்காகவே எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்கள். கேட்டவர் அதைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும். ஆனால் ஒன்று. அவர் நேராகக் கேட்டால் இல்லை என்று சொல்லாதே. "ஒருத்தரைப் பிடிச்சிருந்தது, அது முடிஞ்சிருச்சு, அதுக்கு மேல பேச எனக்கு விருப்பமில்ல" என்று சொல்லலாம். "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும்" சொல்லச் சொன்ன ஆண்டவர், உள்ளது அத்தனையையும் ஒப்பிக்கச் சொல்லவில்லை.

அம்மாவிடம் முதலில் பேசிவிடு. உன் முதுகுக்குப் பின்னால் அவர் செய்ததை அவர் முதுகுக்குப் பின்னால் நீ செய்யாதே. புருஷன் இல்லாமல் ஒரு பெண்ணை வளர்த்து, இரண்டு தடவை "வேண்டாம்" என்ற சொல்லை வாசலில் நின்று கேட்டவர் அவர். பயந்திருக்கிறார். கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும், எதிர்த்துப் பேசாதே. ஆனால் தம்பியிடம் சொல்ல வைத்த தேதியை மாற்றாதே. மாமாவை முன்கூட்டியே உன் பக்கம் சேர்த்துக்கொள். அந்தத் தம்பியிடம் மாமாவையே இரண்டு வார்த்தை சொல்லச் சொன்னால் ஆண்களுக்கு எளிதாக இருக்கும் என்று நினைக்காதே, முதல் வார்த்தை உன் வாயிலிருந்தே வரட்டும்.

இந்த வாரமே நரம்பியல் மருத்துவரிடம் நேரம் வாங்கு. தூக்கம் இல்லாததைச் சொல், கல்யாண நாள் நெருங்குவதைச் சொல், மருந்தை மாற்றலாமா என்று கேள். அடுத்த சந்திப்புக்கு இன்னொருவரை அழைத்து வரலாமா என்றும் கேட்டு வை. கல்யாண ராத்திரி ரிசப்ஷன் எத்தனை மணிக்கு முடிகிறது, ஒன்பது மணி மாத்திரையை யார் ஞாபகப்படுத்துவது என்பதெல்லாம் அந்தச் சந்திப்பில் பேச வேண்டியவை.